நீட்சியும் மீட்சியும்

ஆன்பொருநை என்று பழம்புலவர் போற்றிய ஆறு இன்று அமராவதி என்னும் பெயரால் வழங்குகின்றது. அவ்வாற்றங்கரையில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமைந்த நெல்வளம் சான்ற பேரூர் கொமரலிங்கம். ஏட்டில் குமரலிங்கம் என்றும் எழுதுவர். ஊரார் வாயில் அது கொமரலிங்கமே. குடம் கொடமாவதும் குரங்கு கொரங்காவதும் போல, பின்வரும் அகரம் முன்னிற்கும் உகரத்தைத் தன்பால் இழுத்து ஒகரமாக்கும் பேச்சு நெறி அது. நாவில் இழுபட்ட பெயர், ஏட்டில் எழுதுங்கால் தன் பழைய வடிவுக்கு மீண்டுவிடுகின்றது.

இழுத்தால் நீள்வதும் விட்டால் மீள்வதும் ஆகிய இவ்வியல்பு ஊர்ப்பெயர்க்கு மட்டும் உரியதன்று. கயிற்றுக் கட்டிலில் உண்டு. சிறுவர் கையிலுள்ள உண்டிவில்லில் உண்டு. திருப்பூர் உலகெங்கும் அனுப்பும் உள்ளாடையில் உண்டு. ஆயினும் இதற்குப் பெயர் யாதெனக் கேட்பின், கொமரலிங்கத்துப் பள்ளிச் சிறுமியும், நாள்தோறும் ஆயத்த ஆடை தைத்துக் கைதேர்ந்த அவள் அன்னையும் ஒரே விடையே கூறுவர்: “எலாசுட்டிக்கு”. பருத்தி விளையும் மண்ணில், நூலே வாழ்வாகிய மக்கள் நடுவில், நூலின் தலையாய பண்புக்குத் தமிழ்ப்பெயர் வழங்காமை நாணத்தக்கது. அதனினும் நாணத்தக்கது, அப்பெயரைத் தரவேண்டிய தமிழறிஞர் பலரும் தவறான பெயரைத் தந்து நிற்பது.

தவறு யாதென்று காண்போம் என்பார்க்கு விடை இது. எலாசுட்டிக்கு என்னும் சொல்லை மொழிபெயர்க்கப் புகுவோர் பெரும்பாலும் ‘நெகிழ்’ என்னும் வினையடியை நாடுகின்றனர். நெகிழ்ச்சி, நெகிழ்வு, நெகிழ்மை, நெகிழ்திறன் என அவ்வடியினின்று சொற்கள் பெருகியுள்ளன. வளையும் பொருளும் நெகிழ்ச்சி. இழுபடும் பொருளும் நெகிழ்ச்சி. சட்டத்தில் இடங்கொடுத்தலும் நெகிழ்வு. மேடையில் கண்கலங்குதலும் நெகிழ்ச்சி. ஒரு சொல்லின் மேல் இத்தனை சுமை ஏற்றினால் அச்சொல் எப்பொருளையும் தெளிவாகச் சுமவாது என்பது வெளிப்படை.

நெகிழ்தல் என்பதன் மெய்ப்பொருளை அகப்பாடல்கள் காட்டும். தலைவனைப் பிரிந்த தலைவியின் தோள் மெலிகின்றது. அவள் அணிந்த வளை நெகிழ்கின்றது. திருக்குறளில் உறுப்புநலன் அழிதல் என ஓர் அதிகாரமே இதற்கு உண்டு. ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்று. வளை நீளவில்லை, விரியவில்லை, அது முன்போலவே உள்ளது. தோள் மெலிந்தமையால் வளைக்கும் தோளுக்கும் இடையிலிருந்த பிடிப்பே தளர்ந்தது. எனவே நெகிழ்தலாவது, கட்டு விடுதல், பிடிப்புத் தளர்தல், இறுக்கம் குறைதல். உள்ளம் நெகிழ்தலும் இதன் வழியதே. இறுகியிருந்த உள்ளம் இளகுதலே அது. இழுத்து விட்டால் தன் வடிவுக்குத் திரும்பும் பண்பு இச்சொல்லின் பொருளில் ஓரிடத்தும் இல்லை. நெகிழ்ச்சியான ஆடை என்று ஒருவர் எழுதினால், இலக்கியம் கற்ற தமிழன் அதனை இடுப்பில் நில்லாது நழுவும் ஆடை என்றே கொள்வான். அத்தகைய ஆடையை எவர் விலைகொடுத்து வாங்குவர்?

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பிளாசுட்டிக்கு என்பதற்கு நெகிழி என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளிலிருந்து தடை விதித்தது; அதனையொட்டிச் சுவர் விளம்பரங்களிலும் அலுவலக அறிவிப்புகளிலும் நெகிழி என்னும் சொல் ஊர்தோறும் சென்று சேர்ந்தது. ஞெகிழி என்பது பழைய வழக்கில் கொள்ளிக்கட்டையைக் குறித்தது என்று புலவர் சிலர் தடை சொல்லலாம். மக்கள் ஏற்றுக்கொண்டபின் அத்தடைக்கு வலுவில்லை. குழைத்து வார்க்கப்படும் பொருளுக்கு இளகுதற் பொருளுள்ள பெயர் பொருந்துவதே.

ஆனால் இயற்பியல் கூறுவதைக் கேட்க. பிளாசுட்டிக்கும் எலாசுட்டிக்கும் ஒன்றற்கொன்று மறுதலையான பண்புகள். விசை நீங்கியபின்னும் உருமாறியே நிற்பது முன்னது. விசை நீங்கியவுடன் பழைய உருவை அடைவது பின்னது. பிசைந்த களிமண் முன்னதற்குக் காட்டு. இரப்பர் வார் பின்னதற்குக் காட்டு. மறுதலையான இரு பண்புகளுக்கு ஒரே வினையடியிலிருந்து பெயர் படைத்தல், இரவுக்கும் பகலுக்கும் ஒரு பெயர் இடுவதை ஒக்கும். நெகிழி என்னும் சொல் வென்றதாலேயே, நெகிழ் என்னும் அடி மற்றைப் பண்புக்கு உதவாது போயிற்று. இதனை உணராமல் இன்னும் நெகிழ்ச்சி என்று எழுதுவோர் மாணவர் உள்ளத்தில் குழப்பத்தையே விதைக்கின்றனர்.

இரப்பருக்குத் தொய்தல் என்னும் வினையடியாகப் பெயர் வழங்கியோரும் உளர். தொய்தலாவது யாது? கட்டிய புதிதில் விறைப்பாக நின்ற கயிற்றுக் கட்டில் நாட்பட்டபின் நடுவில் தாழ்கின்றது. “கட்டல் தொஞ்சு போச்சு” என்பர் சிற்றூரார். அஃதாவது நீண்டது, மீளவில்லை. இரப்பரின் சிறப்பு மீளுதல். அதன் இறுதிக் கேடு தொய்தல். ஒருவனுக்கு அவன் சாவை வைத்துப் பெயரிடுவார் உண்டோ?

ஆயின் அயன்மொழிச் சொல்லே போதுமே என்பார்க்கு, அச்சொல்லின் பிறப்பைக் காட்டுதல் தகும். எலாசுட்டிக்கு என்பது ஆங்கிலேயர் தாய்வழி பெற்ற சொல்லன்று. கிரேக்கத்தில் அடித்து நீட்டுதல், செலுத்துதல் என்னும் பொருள்கொண்ட வினையடியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிவியலாளர் படைத்துக்கொண்ட சொல் அது. முதலில் அது துணியையோ வாரையோ குறிக்கவில்லை. அழுத்தம் நீங்கியபின் மீண்டும் விரியும் வளிகளைக் குறித்தது. 1678-ஆம் ஆண்டு இராபர்ட்டு ஊக்கு என்னும் அறிஞர், சுருள்வில்லின் நீட்சி அதன்மேல் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை வெளியிட்டார். இரப்பரின் பெயரோ இன்னும் எளிய கதை. 1770-ஆம் ஆண்டளவில் பிரீட்டுலி என்னும் அறிஞர் அப்பொருள் கரிக்கோல் எழுத்தைத் தேய்த்து அழிப்பதைக் குறித்தார். தேய்ப்பது என்னும் பொருளிலேயே ஆங்கிலர் அதற்குப் பெயரிட்டனர். எனவே ஆங்கிலர் ஒன்றைக் கடன்கொண்டு புனைந்தனர். மற்றொன்றை அன்றாட வினையிலிருந்து படைத்தனர். அவர்க்கு அது தகுமெனின், தமிழர்க்குத் தகாமை எங்ஙனம்? தம் வினையடிகளைக் கொண்டு தாமே பெயர் படைக்கும் ஆற்றல் தமிழுக்கு இல்லையென்பார், தமிழை அறியாதார் ஆவர்.

இனி, சொல் எங்குள்ளது என்று தேடுக. அதற்குப் பல்கலைக்கழகம் செல்ல வேண்டா. கொமரலிங்கத்துத் தெருவில் காதை வைத்தால் போதும். தென்னந்தோப்புகள் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் கயிறு அறியாதார் இலர். புதுக்கயிற்றில் கனம் தொங்கவிட்டால் “நீண்டு குடுக்குது” என்பர். மூங்கிலை வளைத்தால் “வளஞ்சு குடுக்குது” என்பர். வழக்கில் இறங்கிவந்தவனை “விட்டுக் குடுத்தான்” என்பர். இங்கே ‘கொடு’ என்னும் துணைவினை செய்யும் தொழிலை நோக்குக. முறியாமல், மறுக்காமல், வேண்டிய அளவு இணங்குதல் என்னும் நுண்பொருளை அது ஏற்றுகின்றது. எழுத்தறியா உழவனும் இவ்வேற்றுமையைப் பிழையின்றி ஆள்கின்றான்.

அவ்வாறே ‘எக்கு’ என்னும் வினையையும் காண்க. எட்டாக் கிளையைப் பறிப்பவன் எக்கிப் பறிக்கின்றான். அங்கே உடல் நீளுகின்றது. அவனே வயிற்றை எக்குகின்றான். அங்கே உடல் உள்வாங்குகின்றது. நீளுதலும் ஒடுங்குதலும் ஆகிய இரண்டையும் ஒரு சொல்லால் உணர்த்தியவர் தமிழர். நெகிழ், இளகு, குழை, துவள், தளர், தொய், வளை, நீள், மீள் என ஒவ்வொரு மெல்லியல்புக்கும் ஒவ்வொரு வினை வைத்த மொழியில் சொற்பஞ்சம் என்று ஓலமிடுவது, நெற்குதிரின் மேல் அமர்ந்து பசியென்று அழுவதைப் போன்றது.

பின்னலாடையின் அமைப்பை அறிந்தோர்க்கு இவ்வுண்மை மேலும் விளங்கும். தறியில் நெய்த துணியில் ஊடும் பாவும் நேராகக் குறுக்கிட்டுக் கிடக்கின்றன; இழுத்தால் சிறிதே நீளும். பின்னல் துணியிலோ நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டுள்ளது. இழுக்குங்கால் நூல் பெரிதும் நீள்வதில்லை. வளையமே உருமாறி இடங்கொடுக்கின்றது. விட்டவுடன் வளைந்த நூல் தன் வளைவுக்குத் திரும்ப முயல்கின்றது. நூலுக்கும் நூலுக்கும் உள்ள உராய்வு அதனைச் சற்றுத் தடுக்கின்றது. எனவே வெறும் பருத்திப் பின்னல் எளிதில் நீளும், முற்றும் மீளாது. முழங்கை மடியுமிடத்தில் பனியன் துணி புடைத்து நிற்பது இதனாலேயே. இக்குறையைப் போக்கவே மீளும் ஆற்றல் மிக்க செயற்கை இழையை உடன்சேர்த்துப் பின்னுகின்றனர். 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தூப்பாண்டு நிறுவனத்தில் கண்டறியப்பட்டு, இலைக்கிரா என்னும் வணிகப் பெயரால் பரவிய இழை அது. தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீண்டு மீளவல்லது.

இதனால் பெறப்படுவது யாது? நீளுதல் வேறு, மீளுதல் வேறு. ஒரு துணிக்கு முன்னது இருந்து பின்னது இல்லாமற் போகலாம். இயற்பியலில் எஃகு இரப்பரினும் மிகுந்த மீள்பண்புடையது என்று கற்பிக்கின்றனர். கேட்கும் மாணவன் திகைக்கின்றான்; எலாசுட்டிக்கு என்றால் இழுபடுவது என்றே அவன் வீட்டில் கற்றிருக்கின்றான். எஃகு எங்கே இழுபடுகின்றது? பிழை மாணவனுடையதன்று. இரு பொருளை ஒரு கடன்சொல்லால் மூடிவைத்தவர் பிழை அது. எஃகு அரிதாகவே நீளும். ஆனால் தன் எல்லைக்குள் நீண்டவளவும் செம்மையாக மீளும் என்று தமிழில் சொல்லிப் பார்க்க. திகைப்பு நீங்கிவிடும்.

தொழிற்கூடத்தில் இக்குழப்பம் கூலியையே தின்னும். ஒரு காட்சியை எண்ணிப் பார்க்க. மேற்பார்வையாளர் ஓர் உள்ளாடையைத் தூக்கியெறிந்து “எலாசுட்டிக்கு சரியில்லை” என்கின்றார். தைத்தவள் எதைத் திருத்துவாள்? பட்டையே தரங்குறைந்ததா? நீளவில்லையா? நீண்டு மீளவில்லையா? அன்றிப் பட்டையை அளவுக்கு மேல் இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டாளா? முதல் மூன்றும் பட்டை செய்தவர் குறை; நான்காவதே அவள் குறை. சொல்லில் வேறுபாடு இல்லாமையால் நான்கும் அவள் தலையில் விழுகின்றன. ஆனால் அவளே தன் தோழியிடம் “இழுத்தா நீண்டு குடுக்குதுங்கக்கா, உட்டாத்தான் திரும்பி வரமாட்டீங்குது” என்று கூறுங்கால், எந்தப் பொறியாளரும் வியக்கும் தெளிவு அதில் உள்ளது. அவள் கண்ட நோய்க்கு அவள் மொழியில் பெயர் உண்டு. அப்பெயரைத் தொழிற்கூடம் ஏற்கவில்லை, அவ்வளவே.

இனிச் செய்யத்தக்கது எளிது. நீள் என்பதனின்று நீட்சி. மீள் என்பதனின்று மீட்சி. இரண்டும் புதுப்படைப்பல்ல, தமிழர் நாவில் முன்பே வாழ்வன. பள்ளி இயற்பியல் நூல்களும் மீட்சிப் பண்பு என்று எழுதப் பழகியுள்ளன. இழுபட இடங்கொடுக்கும் அளவு நீட்சி. விட்டபின் திரும்பும் ஆற்றல் மீட்சி. மீளாது நிற்பது தொய்வு. மடிய இடங்கொடுப்பது வளைமை. குழைத்து வார்க்கத்தக்கது நெகிழ்மை. இடுப்பிலும் காலோரத்திலும் வைத்துத் தைக்கும் வாரை மீள்பட்டை என்க. உடன்சேர்த்துப் பின்னும் செயற்கை இழையை மீளிழை என்க. “இத்துணிக்கு நீட்சி உண்டு, மீட்சி போதாது” என்று மேற்பார்வையாளர் கூறட்டும். பள்ளியில் படித்த பெண்ணும் படியாத தாயும் ஒருங்கே அறிந்துகொள்வர். பள்ளிச் சொல்லும் பட்டறைச் சொல்லும் ஒன்றாகும் நாளே கல்வி வீட்டுக்குள் நுழையும் நாள்.

இவையெல்லாம் வழக்கில் நில்லா என்று நகைப்பார் உளர். அவர்க்குத் திருப்பூரே விடை. ஓசரி என்று ஒருகால் வழங்கிய தொழிலுக்கு இன்று பின்னலாடைத் தொழில் என்பதே செய்தித்தாளிலும் பெயர்ப்பலகையிலும் பெயர். எவரும் அதனைக் கடுந்தமிழ் என்று ஒதுக்கவில்லை. கூந்தலைப் பின்னும் வினையும் கூடை பின்னும் வினையும் அறிந்த மக்கள், துணிக்கும் அவ்வினை பொருந்தக் கண்டு ஏற்றனர். பேருந்தும் அங்ஙனமே வென்றது. நெகிழியும் அங்ஙனமே வென்றது. வென்ற சொற்கள் யாவும் மக்கள் அறிந்த வினையடியில் கால்கொண்டவை என்பதை மறவற்க.

தோற்ற சொற்களின் கரணியத்தையும் மறைத்தல் ஆகாது. ஒரு பொருளுக்கு ஓர் இதழில் ஒரு பெயர், மற்றோர் இதழில் வேறு பெயர், அகரமுதலியில் மூன்றாம் பெயர் எனத் தமிழன்பர்களே தத்தம் படைப்பைத் தூக்கிப் பிடித்து நின்றனர். பெயர் படைப்பதில் காட்டிய விரைவைப் பயன்படுத்துவதில் காட்டவில்லை. சொல்லைப் படைத்தவன் பெருமைக்குப் போராடினான். சொல்லோ கேட்பாரற்று மாண்டது. மொழிஞாயிறு பாவாணர் வேர்ச்சொல் ஆய்வில் தம் வாழ்நாளையே செலவிட்டார். 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராகி, 1981-ஆம் ஆண்டு மறையும்வரை உழைத்தார். அவர் காட்டிய வழி, சொல்லின் வேரையும் மக்கள் வழக்கையும் ஒருங்கே ஆராய்வது. வேரைப் பாராமல் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஏதோ ஒன்றை ஒட்டிவைப்பது அவர் வழியன்று.

கொங்குநாட்டுக்கு இத்தொண்டு புதிதுமன்று. அறிவியலைத் தமிழில் மக்களுக்கு உணர்த்தக் கலைக்கதிர் என்னும் திங்களிதழ் 1940-களின் இறுதியில் கோவையிலிருந்தே வெளிவரத் தொடங்கியது. கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முயற்சியும் 1960-ஆம் ஆண்டு கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. அன்று வகுப்பறையில் தொடங்கியது இன்று தொழிற்கூடத்தில் தொடர்தல் வேண்டும்.

இன்றைய நிலையில் அதற்கு ஒரு விரைவும் உண்டு. திருப்பூர்ப் பொறிகளின்முன் இன்று பீகார், ஒடிசா முதலிய வடபுலங்களிலிருந்து வந்த இளைஞரும் அமர்ந்துள்ளனர். உழைக்க வந்தோர்மேல் சினத்தல் தமிழர் பண்பன்று. யாவரும் கேளிரெனக் கொள்வதே இம்மண்ணின் மரபு. ஆனால் வந்தவர் கற்றுக்கொள்ள இங்கே தொழிற்சொல் தமிழில் இல்லையெனின், அவர் தமிழ் கற்பது யாங்ஙனம்? மேற்பார்வையாளர் பாதி ஆங்கிலமும் பாதி இந்தியுமாக ஏவல் இடுவார்; தமிழ்ப் பெண்ணும் அதையே கற்றுத் தன் பிள்ளைக்குத் தருவாள். சொல் உள்ள இடத்தில் வந்தவர் தமிழராவர். சொல் அற்ற இடத்தில் இருந்தவரும் அயலாராவர்.

ஆகவே ஆசிரியர்கள் வகுப்பில் நீட்சியையும் மீட்சியையும் இரப்பர் வாரும் பனியன் துண்டும் கொண்டு காட்டுக. தொழில்முனைவோர் தம் தரச் சீட்டுகளில் அவ்விரு சொற்களையும் அச்சிடுக. அயல்நாட்டு வணிகர்க்கு ஆங்கிலத்தில் எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. தம் கூடத்துள் தம் மக்களிடம் தமிழில் பேசுவதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டா. தமிழன்பர்கள் இன்னுமொரு புதுச்சொல் படைத்துப் போட்டியிடாது, உள்ளதை ஒருமனமாய் வழங்குக.

தமிழும் நீட்சியும் மீட்சியும் உடைய மொழியே. வடமொழி இழுத்தது; நீண்டு கொடுத்தது. ஆங்கிலம் இழுத்தது, அதற்கும் நீண்டு கொடுத்தது. 1916-ஆம் ஆண்டு மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கம் அதன் மீட்சி. ஆயினும் எந்த இழைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்து இழுத்தால் மீளாது, தொய்ந்தே போகும். அந்த எல்லையைத் தொடும்வரை காத்திராமல், கொமரலிங்கத்துச் சிறுமி தன் பாவாடையின் மீள்பட்டையை மீள்பட்டை என்றே சொல்லி வளரச் செய்தல், இன்று வாழும் தமிழர் கடன்.